கிணற்றில் உப்பு கரித்தால்...

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது சாப்பாட்டு இலையில் வைக்கிற உப்பைப் பற்றிய பழமொழி. கடற்கரைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு உப்பும் உண்டு. கேட்காமலே கிணற்றுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வயலில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். ஒரு தடவை வந்துவிட்டால் லேசில் போகாது. அந்த உப்பைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

'விவசாய சமாசாரம் நமக்கெதற்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! தண்ணீரில் உப்பு ஏறுவதை முதலில் கண்டுபிடிப்பது அதிகாரிகளும் அல்ல, வீட்டு ஆண்களும் அல்ல. உலை வைக்கிற கைதான். துவரம்பருப்பு எப்போதும் வேகிற நேரத்தில் வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, காப்பியின் ருசி மாறிவிட்டது என்பதெல்லாம் நமக்குத்தானே முதலில் தெரிகிறது? வயலுக்கு வரப்போகும் கஷ்டத்தை அடுப்பங்கரை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நாம் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். நான் சொல்ல வந்ததே அவ்வளவுதான்.

மூன்று தண்ணீர் உள்ள வீடு

நான் பிறந்தது மன்னார்குடிப் பக்கம். வாய்க்காலில் ஆற்றுத் தண்ணீர் ஓடுகிற ஊர். தாகமெடுத்தால் எந்தக் கிணற்றிலும் வாளியை விட்டுக் குடிக்கலாம். 2002-ல் கல்யாணமாகி, வேதாரண்யம் தாலுகாவில் கடலிலிருந்து மூன்று மைல் தள்ளியுள்ள ஒரு கிராமத்துக்கு வந்தேன்.

ஊரின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிழக்கே நீளவாக்கில் மணல் திடல். வீடுகள், தென்னை, மா, முல்லைக் கொல்லை எல்லாம் அந்தத் திடலின் மேல். மேற்கே பள்ளமான களிமண் வயல். அதில் வருஷத்துக்கு ஒரு போகம் சம்பா. எங்களுக்குத் திடலில் ஒரு ஏக்கர், பள்ளத்தில் மூன்று ஏக்கர்.

வந்த மறுநாளே மாமியார் எனக்குத் தண்ணீரைப் பிரித்துக் காட்டினார். கொல்லையில் மணலைத் தோண்டி வைத்திருந்த ஊற்றுத் தண்ணீர் குடிக்க, உலை வைக்க. கிணற்றுத் தண்ணீர் குளிக்க, துணி துவைக்க, செடிக்கு. குட்டைத் தண்ணீர் மாட்டுக்கு. நான் தெரியாத்தனமாக, "ஏன் அத்தை, கிணறு இன்னும் ஆழமாக இருந்தால் நல்ல தண்ணீர் வருமே?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "அது உங்க ஊர்ல ஆயி. இங்க மேல நிக்கிற தண்ணிதான் நம்ம தண்ணி. அதுக்குக் கீழ உள்ளது கடலோடது. இறைச்சுக்கலாம், சுரண்டக் கூடாது" என்றார். பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது எனக்குப் பதினைந்து வருஷம் கழித்துத்தான் விளங்கியது.

மண்ணுக்கு அடியில் என்ன நடக்கிறது?

கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அதனால் அது நல்ல தண்ணீரைவிடக் கனமானது. மழைத் தண்ணீர் மணல் வழியாக இறங்கும்போது, அடியில் கடல் பக்கமிருந்து வந்திருக்கும் உப்புத் தண்ணீரோடு சட்டென்று கலந்துவிடுவதில்லை. எண்ணெய் மிதப்பது போல, அதன் மேல் ஒரு படுகையாக மிதந்து நிற்கிறது. அந்த மிதக்கும் தண்ணீரைத்தான் நாம் ஊற்றிலும் கிணற்றிலும் எடுக்கிறோம்.

இதில் ஒரு கணக்கு உண்டு. ஹாலந்துக்காரர் ஒருவரும் ஜெர்மன்காரர் ஒருவரும் நூறு வருஷத்துக்கு முன்பே தனித்தனியாகக் கண்டு சொன்னது. இப்படிப்பட்ட மணல் பூமியில், கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறதல்லவா? திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டாரைப் போட்டு இறைத்து, மேலே உள்ள தண்ணீரை ஓர் அடி குறைத்து, அப்படியே நிலைக்கும்படி செய்துவிட்டால், அடியிலுள்ள உப்புத் தண்ணீர் காலப்போக்கில் 40 அடி மேலே ஏறி வரும். கடல் நம்மைத் தேடி வருவதில்லை. நல்ல தண்ணீர் விட்டுக் கொடுத்த இடத்துக்குத்தான் வருகிறது. நல்ல தண்ணீரின் கனம்தான் அதை அழுத்தி வைத்திருக்கிறது.

இதற்குச் சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூர் வட்டாரம் பெரிய உதாரணம். ஒரு காலத்தில் அங்கே நல்ல ஊற்று. நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் குழாய்க் கிணறுகள் போட்டு எடுத்தார்கள்; வயலுக்கும் இறைத்தார்கள். 1960-களின் கடைசியிலேயே கடல்நீர் உள்ளே வருவது தெரிந்துவிட்டது. பிறகு அது 10 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே போய்விட்டது. நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்த 1987-ல் சென்னை வட்டாரத்துக்கென்று தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அதே மீஞ்சூருக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளியில், கடல் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்துக் குடிநீராக்கும் ஆலை 2010-ல் ஓட ஆரம்பித்தது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் என்று கணக்கு. இயற்கை இலவசமாகச் செய்து வைத்திருந்த வேலையை இப்போது மின்சாரச் செலவு செய்து செய்ய வேண்டியிருக்கிறது, பாருங்கள்!

வயலுக்கு வேறு வழியாக வரும்

கிணற்றுக்கு உப்பு அடியிலிருந்து வருகிறதென்றால், வயலுக்கு வாய்க்கால் வழியாகவே வந்துவிடும். எங்கள் பக்கம் காவிரியின் கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணை தாண்டி, எத்தனையோ ஊர் தாண்டி, மிஞ்சியதுதான் எங்களுக்கு. பூமியோ தட்டை. ஆற்றில் தண்ணீர் வேகமாக வரும் வரைக்கும் கடல் ஒதுங்கி நிற்கும். ஆறு வறண்டால், பொங்கும் நேரத்தில் கடல் தண்ணீர் ஆற்று வாய் வழியாக உள்ளே ஏறும். வடிகாலில் வரும். அதற்காகத்தான் கடைமடையில் கதவுகள் வைத்துத் தடுப்பணை கட்டுகிறார்கள். கதவு பழுதானால் அந்த வருஷம் பக்கத்து வயல்காரர்களுக்குத் தூக்கமில்லை.

அத்தை இன்னொரு கதையும் சொல்வார். 1990-களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் பல இடங்களில் நஞ்சையை வாங்கி இறால் குட்டையாக்கினார்கள். உப்புத் தண்ணீரை நிலத்துக்கு நடுவிலேயே தேக்கி வைத்ததால், பக்கத்து வயல்களும் குடிநீர்க் கிணறுகளும் கெட்டன என்று ஜனங்கள் எழுந்தார்கள். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதன் அய்யாவும் முன்னால் நின்றார்கள். ஜெகந்நாதன் அய்யா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், விவசாய நிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பிறகு 2005-ல் தனிச் சட்டம் வந்து, பதிவு செய்துகொண்டு பண்ணை நடத்துகிற ஏற்பாடு வந்தது. அந்தப் போராட்டத்தில் முன்வரிசையில் இருந்தவர்களில் பெண்கள் ஏராளம். ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு ஊர் அலைந்தது யார்?

2004-ல் பார்த்தது

2004 டிசம்பர் 26-ஆம் தேதியை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். தமிழ்நாட்டிலேயே நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான் சுனாமியில் அதிக உயிர்கள் போயின. எங்கள் வீட்டில் தெய்வாதீனமாக எல்லோரும் தப்பினோம். அதை வைத்து, மற்றதைப் பெரிதாகப் பேச வாய் வராது. ஆனாலும் சொல்கிறேன்: வடிகால் வழியாக வந்த கடல் தண்ணீர் எங்கள் பள்ள வயலில் நான்கு நாள் நின்றது. பால் கட்டுகிற பருவத்தில் இருந்த சம்பாப் பயிர், வெந்நீர் ஊற்றியதுபோல் ஆகிவிட்டது. தண்ணீர் வற்றியதும் கறுப்புச் சேறு. சேறு காய்ந்ததும் அதன்மேல் வெள்ளை.

"இனிமே பத்து வருசத்துக்கு இது உப்பளந்தான்" என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடலாமா என்றுகூடப் பேச ஆரம்பித்துவிட்டார். கைக்குழந்தையோடு நான் என்ன சொல்வேன்?

அப்புறம் வேளாண்மைத் துறைக்காரர்களும் தொண்டு நிறுவனத்தாரும் வந்தார்கள். மேலே படிந்த சேற்றைச் சுரண்டி அப்புறப்படுத்தினார்கள். தூர்ந்த வடிகாலை வெட்டிவிட்டார்கள். வரப்பை உயர்த்திக் கட்டச் சொன்னார்கள். மண்ணை எடுத்துச் சோதித்தார்கள். தக்கைப்பூண்டு விதை கொடுத்து விதைக்கச் சொன்னார்கள். ஏக்கருக்கு இருபது கிலோ விதை. பூக்கும் தறுவாயில், நாற்பது நாற்பத்தைந்து நாளில், அப்படியே மடக்கி உழுதுவிட வேண்டும். தக்கைப்பூண்டு உப்பைக் கொஞ்சம் தாங்கும். அழுகிய தழை மண்ணைப் பொலபொலவென்று ஆக்கும். தண்ணீர் உள்ளே இறங்க வழி உண்டாகும்.

இவ்வளவையும் செய்துவிட்டுக் காத்திருந்தோம். 2005 ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை இருக்கிறதே, அதுபோல் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வீடெல்லாம் ஒழுகியது. ஆனால் மாமனார் மட்டும் நனைந்துகொண்டே வயலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். உயர்த்திய வரப்புக்குள் மழைத் தண்ணீரைத் தேக்குவது, இரண்டு நாள் நிற்கவிட்டு வடிகாலில் திறந்துவிடுவது, மறுபடி தேக்குவது. அரிசி களைகிற மாதிரிதான். உப்பைக் களைந்து கடலுக்கே திருப்பி அனுப்பினார். அந்த வருஷம் பாதி விளைச்சல் வந்தது. அடுத்த வருஷம் முக்கால். அதற்கடுத்த பொங்கலுக்குப் பழைய விளைச்சல். பத்து வருஷம் என்றார்களே, மூன்றே வருஷத்தில் எங்கள் வயல் திரும்பிவிட்டது. வேலியோரப் பள்ளத்தில் ஒரு மூலை மட்டும் இன்றைக்கும் சவலைப் பிள்ளை மாதிரிதான் இருக்கிறது.

உவர் வேறு, களர் வேறு

இதில் ஒரு முக்கியமான விஷயத்தை அப்போதுதான் தெரிந்துகொண்டோம். பக்கத்து வயல்காரர் கேட்டு வாங்கி மூட்டை மூட்டையாக ஜிப்சம் போட்டார். மண் பரிசோதனை செய்தவர், "உங்க நிலத்துக்கு இது தேவையே இல்லைங்களே, மழைத் தண்ணியில அலசி வடிச்சாலே போதுமே" என்றார்.

உப்பு மண்ணில் இரண்டு வகை. உவர் நிலத்தில் உப்பு கரைந்த நிலையில் இருக்கும். காய்ந்தால் மேலே வெள்ளையாகப் பூக்கும். அதை நல்ல தண்ணீர் விட்டு அலசி வடித்தால் போய்விடும். களர் நிலம் அப்படியில்லை. அங்கே சோடியம் மண் துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நனைந்தால் வழவழவென்று பசை. காய்ந்தால் சிமெண்டுத் தரை. தண்ணீர் உள்ளே இறங்கவே இறங்காது. அங்கேதான் ஜிப்சத்துக்கு வேலை. ஜிப்சத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து, சோடியத்தை விலக்கிவிட்டு அந்த இடத்தில் தான் உட்காரும். பிறகு தண்ணீர் விட்டால் சோடியம் வடிந்து போகும். வடிகால் இல்லாவிட்டால் ஜிப்சம் போட்டும் பிரயோஜனமில்லை. விலக்கியது வெளியே போக வழி வேண்டுமல்லவா?

எந்த நிலம் என்பதைக் கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். மண் பரிசோதனை நிலையத்தில் சொற்பக் கட்டணத்தில் சோதித்துத் தருகிறார்கள். வயலில் பத்து இடத்தில், அரையடி ஆழத்துக்கு 'வி' எழுத்துப் போலக் குழி பறித்து, அதன் ஓரத்து மண்ணைச் சுரண்டியெடுத்து, கலந்து, அரைக் கிலோ கொடுத்தால் போதும். சோதனைச் சீட்டில் மின்கடத்தும் திறன் என்று இருக்கும்; அது உவரைச் சொல்லும். கார அமில நிலை என்று இருக்கும், அது 8.5-ஐத் தாண்டியிருந்தால் களரோ என்று சந்தேகப்பட வேண்டும். இந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துவது நம் பொறுப்பாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் குழந்தைகளின் தடுப்பூசி அட்டையோடுதான் அதையும் வைத்திருக்கிறேன்.

குட்டையா, ஆழ்குழாயா?

வயல் ஒருவாறு தேறியது. அடுத்த சோதனை கிணற்றுக்கு வந்தது. நான் வந்த காலத்தில் ஊரில் ஏழெட்டு மோட்டார்தான். முல்லைப் பூவுக்கு நல்ல விலை கிடைக்கவே, கொல்லைக்குக் கொல்லை மோட்டார் வந்துவிட்டது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது. 2017 சித்திரையில் ஒரு நாள் சாம்பார் கொதிக்கும்போது வாயில் விட்டுப் பார்க்கிறேன், உப்புப் போடாமலே உப்பு! ஊற்று வறண்டு போனதால் கிணற்றுத் தண்ணீரை வைத்திருந்தேன். பெரியவள் படித்த பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒரு பேனா மாதிரிக் கருவி வைத்திருந்தார். தண்ணீரில் நனைத்தால் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும். எங்கள் கிணறு லிட்டருக்கு 2,400 மில்லிகிராம் காட்டியது.

வீட்டில் பேச்சு ஆரம்பித்தது. அவர், "நூறடிக்கு ஒரு போர் போட்டுடுவோம். பக்கத்துல போட்டுருக்காங்க, நல்லாத்தான் வருது" என்றார். செலவுக்கு என் சங்கிலியைக் கேட்டார். மாமனார் காலமாகிவிட்டார், முடிவு இவர் கையில். அத்தை திண்ணையில் உட்கார்ந்தபடி, "தம்பி, அடியில கைய வைக்காதடா" என்று ஒரே வார்த்தை சொன்னார்.

நான் சங்கிலியைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. "ஏங்க, பக்கத்துப் போர்த் தண்ணியை ஒரு சொம்பு வாங்கிட்டு வாங்க, அளந்து பார்த்துடுவோம்" என்று மட்டும் சொன்னேன். ஆசிரியை வந்து அளந்தார். ஒரு வருஷத்துக்கு முன் தித்திப்பாக வந்த தண்ணீர், இப்போது எங்கள் கிணற்றைவிட மோசமாக இருந்தது. 'நல்லாத்தான் வருது' என்று அவர்கள் சொன்னது வரத்தைத்தான், ருசியை அல்ல! இவர் அதற்குப் பிறகு போர் பேச்சை எடுக்கவில்லை. எல்லா ஊருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் உப்புப் படுகைக்கும் கீழே தனியாக நல்ல தண்ணீர்ப் படுகை இருப்பதுண்டு. அதை நிலத்தடி நீர்த் துறையினர் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டைப் பார்த்துப் போடக் கூடாது.

சங்கிலி கழுத்திலேயே இருந்தது. மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் வாங்கி, கிணற்றுக்கு மேல்பக்கம் தூர்ந்து கிடந்த பழைய குட்டையை அந்தக் கோடையிலேயே வெட்டி அகலப்படுத்தினோம். ரொம்ப ஆழப்படுத்தவில்லை, ஆழம் போனால் குட்டையிலேயே உப்பு ஊறிவிடும். கூரைத் தண்ணீரையும் கொல்லைத் தண்ணீரையும் அதில் விழும்படி திருப்பினோம். குட்டையில் நிற்கிற மழைநீர் மணலில் இறங்கி, கிணற்றைச் சுற்றி மறுபடி ஒரு நல்ல தண்ணீர்ப் படுகையை உண்டாக்க வேண்டும் என்பது எண்ணம்.

ஆனால் நாங்கள் இறங்கவிட்ட தண்ணீரைப் பக்கத்துக் கொல்லை மோட்டார் இழுத்துக்கொண்டால்? மண்ணுக்கு அடியில் வேலி கிடையாதே! குழுக் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தபோது முதலில் சண்டைதான். "உன் குட்டையைக் காட்டி என் மோட்டாரை நிறுத்தப் பார்க்கிறியா?" என்று ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள். அவளுடைய மருமகள் அப்போது ஏழு மாதம். ரத்தக் கொதிப்பு இருக்கிறது, உப்பைக் குறைக்கச் சொல் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவள் வீட்டுத் தண்ணீரையும் அளந்து பார்த்தோம். சமையலில் உப்பைக் குறைத்துக்கொண்டு, சொம்பு சொம்பாக உப்பைக் குடித்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். அன்றைக்கே அவர்கள் வீட்டில் குடிக்க மட்டும் கூட்டுக் குடிநீர்க் குழாய்த் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தார்கள். பிரசவம் நல்லபடியாக முடிந்தது. அந்த மாமியார்தான் பிறகு வீடு வீடாகப் போய்ப் பேசினாள். காலையில் ஒரு மணி, சாயங்காலம் ஒரு மணி, அதற்கு மேல் யாரும் மோட்டார் ஓட்டுவதில்லை என்று பதினோரு குடும்பங்கள் ஒத்துக்கொண்டன. எல்லோரும் எல்லா நாளும் அப்படியே நடக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். பூ விலை ஏறுகிற முகூர்த்த நாட்களில் இருட்டில் மோட்டார்ச் சத்தம் கேட்கத்தான் செய்கிறது.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் எங்கள் பக்கம்தான் கரையைக் கடந்தது. தென்னைகள் சாய்ந்தன. புதுக் குட்டையிலும் உப்புச் சேறு. அதை இறைத்துக் கொட்டிவிட்டு, முதலிலிருந்து தொடங்கினோம். மறு வருஷம் மழை கைகொடுத்தது. 2020 தையில் கிணற்றை அளந்தபோது 900. கோடையில் ஏறும், மழையில் இறங்கும். ஆனால் 2,400 திரும்ப வரவில்லை.

உடம்புக்கு என்ன செய்யும்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு குடம் நல்ல தண்ணீரில் மூன்று குடம் கடல் தண்ணீர் கலந்தால், லிட்டருக்குச் சுமார் ஒரு கிராம் உப்பு கூடும். அந்தத் தண்ணீரை ஒருவர் நாளுக்கு மூன்று லிட்டர் குடித்தால் மூன்று கிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள்தான் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. சோற்றில் கை வைக்கும் முன்பே பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறதே! வங்கதேசத்தின் கடலோரத்தில் தாக்கோப் என்ற பகுதியில் கர்ப்பிணிகளிடம் ஆராய்ச்சி செய்து 2011-ல் வெளியிட்டார்கள். தண்ணீரில் உப்பு ஏறுகிற வறட்சிக் காலத்தில், மழைக் காலத்தைவிட அதிகமான கர்ப்பிணிகளுக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது தெரியவந்தது. வாந்தியும் தலைவலியும் வந்தால் 'மசக்கைதானே' என்று விட்டுவிடாமல், ரத்த அழுத்தத்தைச் சோதித்துக்கொள்வதோடு, 'எங்கள் வீட்டுத் தண்ணீர் உப்பு' என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்குச் சில குறிப்புகள்

1. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு கூடத்தான் செய்யும். படிகாரம், துணி வடிகட்டி, மெழுகுத்திரி ஃபில்டர் எதிலும் உப்பு பிரியாது.

2. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை என்பது நம் நாட்டுத் தர நிர்ணயம். பருவத்துக்கு ஒரு முறையாவது, முக்கியமாகச் சித்திரை வைகாசியில், அளந்து குறித்து வையுங்கள்.

3. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பால் மாவு கரைக்க உப்புத் தண்ணீரை உபயோகிக்கவே கூடாது. ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ள பெரியவர்களுக்கும் குடிக்கத் தனித் தண்ணீர் வையுங்கள்.

4. பருப்பு வேகாததற்குக் காரணம் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும். கடல்நீரில் மக்னீசியம் நிறைய. ஆகவே முன்பு வெந்த பருப்பு இப்போது வேகவில்லையென்றால் பருப்பு விற்ற கடைக்காரரை மட்டும் திட்டாதீர்கள்; கிணற்றையும் பாருங்கள்.

5. மழைக் காலத்தில் முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து வெள்ளைத் துணி கட்டிப் பிடித்து, மூடிய தொட்டியில் வையுங்கள். குடிப்பதற்கு முன் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

6. வீட்டுத் தோட்டத்தில் உப்பு லேசாக இருந்தால் பருப்புக் கீரை தாங்கும். அவரை வகை, வெங்காயம், காரட் தாங்காது. தண்ணீரை இலை மேல் தெளிக்காமல் வேரடியில் விடுங்கள். இலையில் பட்டால் கருகும். செடியைச் சுற்றிச் சருகு, தென்னம் மட்டை போட்டு மூடினால் மண் காய்ந்து உப்பு மேலே ஏறுவது குறையும்.

7. வயல் உள்ளவர்கள் கோடை உழவை விட்டுவிடாதீர்கள். இறுகிக் காய்ந்த மண் திரி எண்ணெயை இழுப்பதுபோல அடியிலுள்ள உப்பை மேலே இழுக்கும். உழுது விட்டால் அந்தத் திரி அறுந்துபோகும். உப்பைத் தாங்கும் நெல்லும் உண்டு. எங்கள் பக்கத்துப் பழைய நெல் குழியடிச்சான். புதிய ரகங்களில் திருச்சி 1, கோ 43 ஆகியவற்றைச் சொல்கிறார்கள். நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும்தான் நெல் உப்புக்கு மிகவும் பயப்படும். அந்த நாட்களுக்கென்று நல்ல தண்ணீரைச் சேர்த்து வையுங்கள்.

கடலைக் கோபித்து என்ன லாபம்? அது தன் இடத்தில்தான் இருக்கிறது. நம் இடத்தை நல்ல தண்ணீரால் நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டியது நாம். கடலோரத்துச் சகோதரிகள் இந்த ஐப்பசி மழைக்குள் தங்கள் கொல்லைக் குட்டையையும் கூரைத் தண்ணீர் வழியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். உள்நாட்டில் இருப்பவர்கள், ஆற்றுத் தண்ணீரை வீணாக்காமல் எங்கள் கடைமடை வரை வர விடுங்கள். அது கடலில் வீணாய்ப் போகிறது என்று சிலர் சொல்கிறார்கள். போகிற வழியில் எத்தனை கிணறுகளைக் காப்பாற்றிவிட்டுப் போகிறது என்பது எங்களுக்குத் தெரியும்.